மார்கழி மரங்கள்

கிறிஸ்துமஸ் மரம் என்ற பெயரில் தாவரவியலில் ஒரு மரம் கிடையாது. ஐரோப்பாவின் குளிர்நாடுகளில் அது ஸ்ப்ரூஸாகவோ ஃபிர்ராகவோ இருக்கும். சென்னையில் பல வீடுகளில் அது ஒரு சவுக்குக் கிளை. நீலகிரியிலோ, அது எந்த மரம் என்பது எந்த வீட்டுக்குள் நிற்கிறது என்பதைப் பொறுத்தது. இந்த மலையில் டிசம்பர் மாதத்தில் ஒரு வீட்டின் மரத்தைப் பார்த்தால் போதும். அந்தக் குடும்பம் எங்கிருந்து வந்தது, எதை இழந்தது, எதை விடாமல் வைத்திருக்கிறது என்பதையெல்லாம் ஓரளவு சொல்லிவிடலாம் என்பது எங்கள் அனுபவம்.

அனுபவம் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. நாங்கள் ஐந்து பேர். குன்னூர்ப் பக்கத்து ஆலயம் ஒன்றின் பாடகர் குழுவோடு இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாகக் கீத பவனி போய் வருகிறவர்கள். எங்களில் இருவருக்குப் பாடத் தெரியும். ஒருவர் கிதார் வாசிப்பார். ஒருவர் விளக்குப் பிடிப்பார். ஐந்தாமவர் கிறிஸ்தவரே அல்லர், இரவில் வீடு வீடாகக் கிடைக்கும் கேக்குக்காகவும் சுக்குக் காப்பிக்காகவும் வருவதாக அவரே சொல்லிக்கொள்வார். பண்டிகைக்கு முந்தைய இரண்டு வாரங்களில் ஏறக்குறைய ஒவ்வொரு இரவும் பிறர் வீட்டு முன்னறையில் நிற்கும் வாய்ப்பு எங்களுக்கு. பாடும்போது எங்கே பார்ப்பது? வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தால் அவருக்குக் கூச்சம். ஆகவே மரத்தைப் பார்ப்போம். இப்படித்தான் நாங்கள் மரங்களைப் பார்க்கக் கற்றுக்கொண்டது.

முதலில் மரத்தின் வரலாற்றைச் சிறிது சொல்லிவிட வேண்டும். 1605-ஆம் ஆண்டில் ஸ்ட்ராஸ்பர்க் நகரத்து வீடுகளைப் பற்றிய குறிப்பு ஒன்று, அங்குள்ளோர் கூடத்தில் ஃபிர் மரத்தை நிறுத்தி வண்ணக் காகித ரோஜாக்கள், ஆப்பிள்கள், மெல்லிய அப்பங்கள், பொன்தகடு, இனிப்புகள் ஆகியவற்றைத் தொங்கவிட்டதாகச் சொல்கிறது. டிசம்பர் 24 ஆதாம் ஏவாளின் நாளாகவும் கொண்டாடப்பட்டதால் ஆப்பிளுக்கு அங்கே பொருள் இருந்தது. ஜெர்மன் இளவரசியாகப் பிறந்து இங்கிலாந்தின் அரசியான ஷார்லட் 1800-இல் வின்ட்சரில் ஒரு யூ மரத்தை அலங்கரித்தார். ஆனால் ஆங்கில நடுத்தர வர்க்கம் முழுவதையும் அந்த ஆசை பற்றிக்கொண்டது 1848 டிசம்பருக்குப் பிறகுதான். விக்டோரியாவும் ஆல்பர்ட்டும் குழந்தைகளோடு மரத்தைச் சுற்றி நிற்கும் படத்தை அப்போது ஒரு லண்டன் படப் பத்திரிகை வெளியிட்டது.

அதே 1848-இல்தான் உதகமண்டலத்தில் அரசினர் தாவரவியல் பூங்கா உருவாகத் தொடங்கியது. அதை வடிவமைத்தவர் வில்லியம் கிரஹாம் மக்கைவர். இரண்டுக்கும் தொடர்பு இல்லை, தற்செயல்தான். ஆனாலும் எங்களுக்கு அது பிடித்த தற்செயல். அங்கே மரத்தின் மேல் ஆசை பரவிய காலத்தில், இங்கே அந்த ஆசைக்கு வேண்டிய மரங்கள் வந்து சேர்ந்துகொண்டிருந்தன. 1819-இல் ஜான் சல்லிவன் கோத்தகிரிப் பக்கம் ஏறி வந்தபோது இந்த மலையின் பெரும்பகுதி புல்வெளியும் சோலைக் காடுமாக இருந்தது. பின்னர் கலிபோர்னியாவின் சைப்ரஸ், ஜப்பானின் கிரிப்டோமேரியா, மெக்சிகோவின் பைன், ஆஸ்திரேலியாவின் யூகலிப்டஸ், வாட்டில், சில்வர் ஓக் என்று உலகமே இங்கே வந்து வேர்விட்டது. 1774-இல் கேப்டன் குக் ஒரு பசிபிக் தீவில் கண்டு, பாய்மரத்துக்கு ஆகும் என்று நம்பிய நார்ஃபோக் பைன் இன்று நம் ஊர் நர்சரிகளில் தொட்டியில் நிற்கிறது. ‘கிறிஸ்துமஸ் மரம்’ என்று கேட்டால் அதைத்தான் எடுத்துக் கொடுக்கிறார்கள். தென்னிந்தியக் காடுகளுக்கே உரிய ஊசியிலைக் குடும்பத்து மரம் என்று தாவரவியலார் சுட்டுவது நாகியா வாலிச்சியானா ஒன்றைத்தான். அதற்கு ஊசியிலைகூட இல்லை, அகன்ற இலை. அதில் நட்சத்திரம் தொங்கி நாங்கள் பார்த்ததில்லை. ஆகவே இந்த மலையில் கிறிஸ்துமஸ் மரம் என்று நிற்பவை எல்லாமே குடியேறிகள். அவற்றை அலங்கரிப்பவர்களில் பெரும்பாலோரும் அப்படியே.

*

மலையில் மரங்கள் மிகுதி என்பதால் ஆளுக்கொன்று வெட்டிக்கொள்ளலாம் என்று சமவெளி நண்பர்கள் நினைப்பதுண்டு. முடியாது. 1955-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டப்படி, சொந்தத் தோட்டத்து மரத்தையும் அனுமதியின்றி வெட்டக்கூடாது. எனவே இங்குள்ள மரங்களில் பெரும்பாலானவை மரங்களே அல்ல, கிளைகள். வேலியோரத்துச் சைப்ரஸைக் கத்தரித்தபோது விழுந்தது. வடகிழக்குப் பருவக்காற்றில் முறிந்து சாலையில் கிடந்தது. தேயிலைக்கு நிழல் தரும் சில்வர் ஓக்கின் கிளையைக் கழித்தபோது கிடைத்தது. கிளை என்பதால் ஒரு பக்கம் அடர்த்தியாகவும் மறுபக்கம் மொட்டையாகவும் இருக்கும். மொட்டைப் பக்கத்தைச் சுவரோரம் திருப்பி வைப்பது எல்லா வீடுகளுக்கும் பொதுவான முதல் அலங்காரம்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வீடும் தன் வழியில் போகிறது.

குன்னூரில் ஒரு பழைய பங்களாவில் ஆங்கிலோ இந்திய மூதாட்டி ஒருவர் இருந்தார். அவர் வீட்டு மரம் டிசம்பர் 24 மாலைக்கு முன்பு நிற்காது. ஜனவரி 6, மூவரசர் திருநாளுக்குப் பிறகு ஒரு நாளும் இருக்காது. பஞ்சு பொதிந்த அட்டைப் பெட்டியிலிருந்து கண்ணாடி உருண்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தருவார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஜெர்மனியின் லவுஷா என்ற சிற்றூரில் கண்ணாடி ஊதுவோர் செய்யத் தொடங்கிய வகை அது. மூச்சுப் பட்டாலே உடைந்துவிடுமோ என்று அஞ்சவைக்கும் மென்மை. அவர் வீட்டில் உடைந்த உருண்டையையும் எறிவதில்லை. உடைந்த பக்கம் உள்ளே போகுமாறு கிளைகளுக்கு நடுவில் வைத்துவிடுவார். கிளை நுனிகளில் மெழுகுவத்தி செருகும் சிறு தகரக் கவ்விகள் இருக்கும். மெழுகுவத்தியும் இருக்கும். ஏற்றுவதில்லை. ‘என் தாயார் ஏற்றினார்; பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரோடு ஒரு ஆள் நின்றுகொண்டே இருப்பார்’ என்று சொல்வார். எடிசனின் கூட்டாளியான எட்வர்ட் ஜான்சன் 1882-இல் நியூயார்க்கில் தம் வீட்டு மரத்துக்கு 80 சிறு மின்விளக்குகளைச் சுற்றியபோது ஓய்வு பெற்றவர்களில் அந்த வாளிக்காரரும் ஒருவர் என்று நாங்கள் வேடிக்கையாகப் பேசிக்கொள்வோம்.

கேத்திப் பள்ளத்தாக்கில் படகர் வீடு ஒன்று. ஜெர்மன் மொழி பேசும் பாசல் மிஷன்காரர்கள் 1846-இல் வந்து தங்கிய ஊர் அது. அந்தக் குடும்பம் நான்கு தலைமுறையாகக் கிறிஸ்தவக் குடும்பம். அவர்கள் கிளையை ஒடிப்பதில்லை, பிளாஸ்டிக்கும் வாங்குவதில்லை. ஒரு குழந்தை பிறந்த ஆண்டில் தொட்டியில் ஒரு நார்ஃபோக் பைன் வாங்குவார்கள். ஆண்டுதோறும் டிசம்பரில் தொட்டி உள்ளே வரும், ஜனவரியில் வெளியே போகும். குழந்தையும் மரமும் சேர்ந்து வளரும். மரம் நிலைக்கதவைத் தாண்டி உள்ளே வர முடியாத ஆண்டில் அதை முற்றத்துக்கு அப்பால் நிலத்தில் நட்டுவிடுவார்கள். அப்போது அந்தப் பிள்ளைக்கு எட்டு அல்லது ஒன்பது வயது இருக்கும். இப்போது அங்கே மூன்று மரங்கள் கூரையைத் தாண்டி நிற்கின்றன. மூவரில் ஒருவர் பெங்களூரில், ஒருவர் மெல்பர்னில். ஒருவர் மட்டும் காரட்டும் உருளைக்கிழங்கும் பயிரிட்டு அங்கேயே இருக்கிறார். மெல்பர்ன்காரரின் மரம்தான் மூன்றிலும் உயரம் என்று வீட்டுத் தாய் எங்களிடம் சொன்னபோது அது பெருமையா வருத்தமா என்று எங்களால் பிரித்தறிய முடியவில்லை.

உதகையில் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் ஆலையில் பணியாற்றிய ஒருவரின் வீடு இன்னொன்று. 1960-இல் தொடங்கப்பட்ட அந்த நிறுவனம் நீலகிரியில் ஒரு தலைமுறைக்கே சோறு போட்டது. அவர் புகைப்பட ஆர்வலரும்கூட. 35 மில்லிமீட்டர் சுருள் வரும் சிறு உருளை டப்பாக்களைச் சேர்த்து வைத்து, சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றி, உள்ளே ஒரு மணியைக் கட்டித் தொங்கவிடுவார். நாற்பது ஐம்பது மணிகள். வீட்டில் யாராவது கதவைத் திறந்தால் மரம் மெல்லக் கிணுகிணுக்கும். டிஜிட்டல் கேமரா வந்தது, ஆலை நலிந்து மூடப்பட்டது, அவரும் மறைந்தார். அவருடைய மகள் இன்றும் அதே மணிகளைத்தான் கட்டுகிறார். அவர் வீட்டுக்கு வரும் சிறுபிள்ளைகள் டப்பாவைக் கையில் எடுத்து, இது என்ன என்று கேட்கிறார்களாம். விளக்கிச் சொல்ல அவருக்கு அரைமணி நேரம் ஆகிறதாம்.

கத்தோலிக்க வீடுகளில் மரத்தைவிடக் குடிலுக்கே மதிப்பு அதிகம். 1223-இல் இத்தாலியின் கிரேச்சியோவில் புனித பிரான்சிஸ் அமைத்த குடிலின் நீட்சி அது. மரம் குடிலுக்குப் பின்னால் ஓர் அரங்கத் திரைபோல நிற்கும். காந்தல் பக்கத்தில் ஒரு வீட்டில் குடிலில் இடையர்களுக்கு நடுவே தலைப்பாகை கட்டிய செட்டியாரும் செட்டிச்சியும் உட்கார்ந்திருந்தார்கள். முன்னால் அரிசி பருப்புக் கடை. பக்கத்து வீட்டு மாமி கொலுப் பெட்டியிலிருந்து இரவல் கொடுத்ததாம். கடன் தீர்க்கும் வகையில், நவராத்திரிக்கு இந்த வீட்டு ஆட்டுக்குட்டிகள் அந்த வீட்டுப் படியில் ஏறுமாம். மதநல்லிணக்கம் பற்றி மேடைகளில் எவ்வளவோ கேட்டிருக்கிறோம். செட்டியார் கடையைப் போலச் சுருக்கமாக யாரும் சொன்னதில்லை.

வெலிங்டன் பக்கத்தில் ஓர் ஆசிரியர் மரமே வைப்பதில்லை. ஆயுள் முடிந்து வேரோடு பிடுங்கப்பட்ட ஒரு பழைய தேயிலைச் செடியை வைத்திருக்கிறார். பல்லாண்டுக் கவாத்தில் முறுக்கேறி, முழங்கை மடங்கிய கைகளைப் போலக் கிளைத்திருக்கும் கட்டை. இலையே கிடையாது. அதில் அவர் மனைவி, தோடர் பூவேலைத் துணியின் கறுப்பு சிவப்பு நறுக்குகளில் தைத்த சிறு நட்சத்திரங்களைக் கட்டுகிறார். ‘நூறு வருஷம் கொழுந்து கொடுத்த செடி, பண்டிகைக்கு ஒரு நல்ல துணி உடுத்தட்டுமே’ என்பது அவர் வாதம்.

பிளாஸ்டிக் மரத்தைப் பற்றியும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். கடைவீதியில் பெட்டியில் மடங்கி வரும் மூன்றடி மரம் இப்போது பெரும்பாலான வீடுகளில் நிற்கிறது. இந்த மாவட்டம் பிளாஸ்டிக்குக்கு எதிராகத் தமிழ்நாட்டில் முன்னதாகவே கட்டுப்பாடு கொண்டுவந்த மாவட்டம். மாநிலம் முழுவதும் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கான தடை 2019 ஜனவரி 1 முதல் வந்தது. அப்படிப்பட்ட ஊரில் மரமே பிளாஸ்டிக்கா என்று எங்களில் ஒருவர் கொதிப்பார். விளக்குப் பிடிப்பவர் மறுத்துச் சொல்வார்: அது ஒருமுறைப் பொருள் அல்ல, இருபது வருஷம் பெட்டியில் உறங்கி எழுகிறது, நர்ஸ் வேலை பார்க்கும் பெண் இரவுப் பணி முடிந்து வந்து பத்து நிமிடத்தில் விரித்து வைக்க வேறு எந்த மரம் இருக்கிறது? இந்த வழக்கு எங்களுக்குள் ஒவ்வொரு டிசம்பரிலும் நடக்கும். தீர்ப்பு வந்ததில்லை.

*

மரமே இல்லாத ஒரு டிசம்பரும் உண்டு. 2009 நவம்பரில் பெய்த பெருமழையில் குன்னூர், கேத்தி, கோத்தகிரிப் பகுதிகளில் மண் சரிந்து 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த ஆண்டு பவனி வேண்டாம் என்று சிலரும், போகத்தான் வேண்டும் என்று சிலரும் சொன்னார்கள். கிதாரை விட்டுவிட்டுப் போனோம். பல வீடுகளில் வாசல் நட்சத்திரம் எரியவில்லை. உறவினரை மண்ணுக்குக் கொடுத்த ஒரு வீட்டில் மட்டும் ஒரு சைப்ரஸ் கிளை நின்றது, எந்த அலங்காரமும் இல்லாமல். ‘வைக்க மனசில்ல. வைக்காம இருக்கவும் மனசு வரல’ என்றார் வீட்டுக்காரர். நாங்கள் பாடவில்லை. சற்று நேரம் நின்றுவிட்டு வந்தோம். அலங்காரம் என்பது மகிழ்ச்சியின் அடையாளம் என்று மட்டும் அதுவரை எண்ணியிருந்தவர்களுக்கு, அலங்கரிக்காமல் விடுவதும் ஒரு மொழி என்று அந்தக் கிளை கற்றுக்கொடுத்தது.

அலங்கரிக்காமல் விடுவதைப் பற்றி வேறொரு பாடம் எங்களுக்குத் தேயிலைத் தோட்டத்து லைன் வீடு ஒன்றில் கிடைத்தது. அந்த வீட்டுப் பாட்டி ஹட்டன் பக்கத்தில் பிறந்தவர். 1964 அக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு என்று கணக்கிடப்பட்ட 5,25,000 பேரில் அவர் குடும்பமும் அடங்கியது. எழுபதுகளில் தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாமில் காத்திருந்து, தாயகம் திரும்பியோருக்காக அரசு அமைத்த தேயிலைத் தோட்டம் ஒன்றுக்கு வந்து சேர்ந்தவர்கள். பாட்டன் காலத்தில் கடல் கடந்து போனது தேயிலைக்கு. பேத்தி காலத்தில் கடல் கடந்து வந்ததும் தேயிலைக்கே.

அவர்கள் வீட்டு மரம் சில்வர் ஓக் கிளை. மண்ணெண்ணெய் டின்னில் கல்லும் மண்ணும் போட்டு நட்டிருப்பார்கள். அந்த இலையின் அடிப்பக்கம் வெள்ளி நிறம். காற்றில் திரும்பும்போது விளக்கே வேண்டாம் என்று தோன்றும். மிட்டாய்த் தாள்களைச் சுருட்டிய பூக்கள், தேயிலைப் பெட்டிகளுக்குள் ஒட்டி வரும் ஈயத்தாளில் வெட்டிய நட்சத்திரங்கள், இரண்டு பலூன்கள். அந்த ஈயத்தாள் நட்சத்திரங்கள் இலங்கையிலிருந்து டிரங்குப் பெட்டியின் அடியில் வைத்துக் கொண்டுவந்தவை என்றார் பாட்டி. கொண்டுவர அனுமதித்த பொருட்களின் பட்டியலில் அவற்றை யாரும் எழுதவும் இல்லை, தடுக்கவும் இல்லை.

எங்களோடு வந்த இளைஞன் ஒருவன், சங்கத்துப் பணத்தில் வாங்கிய பஞ்சை எல்லா வீடுகளுக்கும் கொஞ்சம் கொடுத்துக்கொண்டு வந்தான். கிளைகளின்மேல் பிய்த்துப் போட்டால் வெண்பனிபோல் இருக்கும் அல்லவா? பாட்டி கையை நீட்டித் தடுத்தார்.

‘அது வேணாம் கண்ணு. பனி நமக்கு அலங்காரம் இல்ல. கொழுந்தக் கருக்குறது அதுதான். அத எதுக்கு வீட்டுக்குள்ள கொண்டாந்து வைக்கணும்?’

உதகையிலும் குன்னூர் மேட்டிலும் டிசம்பர், ஜனவரி மாதங்களில் உறைபனி விழும். விடியற்காலையில் புல்வெளி வெளுத்துக் கிடப்பதைப் பார்க்கச் சமவெளியிலிருந்து கார் கட்டிக்கொண்டு வருகிறார்கள். வெயில் ஏறியதும் அதே பனி தேயிலை இலையின் உயிர்ச்சாற்றை உறைய வைத்துக் கருக்கிவிட்டது தெரியும். பழுப்பேறிய சரிவு மீண்டும் துளிர்க்க வாரங்கள் ஆகும். சிறு விவசாயிகள் பெரணித் தழையால் செடிகளை மூடி வைத்துக் காவல் காப்பார்கள். தோட்டத்தில் கொழுந்து இல்லையென்றால் எடைக்கூலி இல்லை. உலகம் முழுதும் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையில் அழகாக விழும் பனி, அந்த லைன் வீட்டில் சம்பளப் பிடித்தம். பஞ்சு வைப்பதா வேண்டாமா என்ற சின்னக் கேள்விக்குள் இவ்வளவு இருந்தது. அன்றைக்குப் பிறகு நாங்கள் தோட்டங்களுக்குப் பஞ்சு எடுத்துச் செல்வதில்லை.

பாட்டி இப்போது இல்லை. அந்த வரிசையிலும் இப்போது பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. தேயிலைக்கு விலையில்லை, பிள்ளைகளுக்கு அதில் விருப்பமும் இல்லை. 2022-இல் அரசுத் தேயிலைத் தோட்டக் கழகத்தின் நிலத்தில் 2,000 ஹெக்டேருக்கு மேற்பட்ட பரப்பை வனத்துறையிடம் திரும்ப ஒப்படைக்க அரசு முடிவெடுத்தது. காட்டுக்கு அது நல்லதாக இருக்கலாம். ஆனைகளுக்கு நிச்சயம் நல்லது. அங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்கு அது மூன்றாவது மூட்டை கட்டல். பவனியில் நாங்கள் இப்போது இரண்டு வீடுகளுக்கு நடுவே நெடுந்தூரம் இருட்டில் நடக்கிறோம். விளக்குப் பிடிப்பவருக்கு வேலை கூடிவிட்டது.

பாட்டியின் பேத்தி கணவரோடும் இரண்டு குழந்தைகளோடும் திருப்பூருக்குப் போய்விட்டாள். பனியன் கம்பெனியில் தையல். சென்ற டிசம்பரில் எங்கள் கிதார்க்காரரின் கைப்பேசிக்கு ஒரு படம் அனுப்பியிருந்தாள். ஒற்றை அறை. தையல் மிஷின் மேசைமேல் மடக்குப் பிளாஸ்டிக் மரம். கம்பெனியில் கழித்த வண்ணத் துணி நறுக்குகள் தோரணமாகச் சுற்றியிருந்தன. நடுவே, மங்கிப்போன ஈயத்தாள் நட்சத்திரங்கள் நான்கு. ஹட்டனில் வெட்டியவை, பாக் ஜலசந்தியையும் மேட்டுப்பாளையம் மலைப்பாதையையும் கடந்து இப்போது நொய்யல் கரைக்கு வந்திருக்கின்றன.

படத்தைக் கையிலிருந்து கைக்கு மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, கேக்குக்காக வரும் நண்பர்தான் அதைக் கவனித்துச் சொன்னார். திருப்பூரில் பஞ்சுக்குப் பஞ்சமில்லை. அந்த ஊரே பஞ்சில் மிதக்கும் ஊர். பனி விழாத ஊரும்கூட. ஆனாலும் அந்த மரத்தின் ஒரு கிளையில்கூட அவள் பஞ்சு வைத்திருக்கவில்லை. குழந்தைகள் கேட்டிருப்பார்கள். என்ன சொல்லி மறுத்திருப்பாள் என்று எங்களுக்குத் தெரியும்.